ஆறு நிமிடமும் ஆறு மாதமும்

(கோவையில் கணிதக் கல்விக் கருத்தரங்கைத் தொடங்கிவைத்து ஆற்றிய தலைமை உரை)



இந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்த அமைப்பாளர்களுக்கு நன்றி. பெருமையாக இருக்கிறது, கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது. ஒலிம்பியாடுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்து அனுப்பியவர்கள் இந்த அரங்கில் இருக்கிறார்கள். நான் பழைய கணித இதழ்களின் பின்பக்கங்களைப் புரட்டியே காலம் தள்ளியவன். அப்படிப்பட்டவனைக் கூப்பிட்டுத் தலைமை தாங்கச் சொன்னால் அவன் எதைப் பேசுவான் என்பது கூப்பிட்டவர்களுக்குத் தெரிந்தே இருக்கும். தெரியாதென்றால் இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும்.

முதலில் அழைப்பிதழுக்குப் பட்ட கடனைத் தீர்த்துவிடுகிறேன். ‘மாணவர்க்கான கணிதப் போட்டிகளும் மேம்பாட்டு வாய்ப்புகளும்’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். இந்த அவைக்குப் படிநிலைகளை விளக்க வேண்டியதில்லை. 1986இல் தேசிய ஒலிம்பியாடு தொடங்கியதும், 1989இல் நம் அணி முதன்முறையாக அனைத்துலக ஒலிம்பியாடுக்குப் போனதும், 1996இல் மும்பையில் நாமே அதை நடத்தியதும், 2024இல் இங்கிலாந்தின் பாத் நகரில் நான்கு தங்கத்தோடு நான்காம் இடம் பிடித்ததும் நீங்கள் அறிந்தவை. இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் 1965 முதல் சென்னையிலிருந்து இயங்குகிறது. அது நடத்தும் திறன்போட்டியில் காஸ், கப்ரேகர், பாஸ்கரர், இராமானுஜன், ஆரியபட்டர் என்று நிலைக்கொரு பெயரில் தாள் உண்டு. கல்லூரிப் பிள்ளைகளுக்கு மாதவா போட்டி இருக்கிறது, குமரேசன் 1993இல் தொடங்கிய எம்.டி.டி.எஸ். கோடைப் பயிற்சி இருக்கிறது. இராயபுரத்தில் இராமானுஜன் அருங்காட்சியகம் கண்ட பி.கே. சீனிவாசனை நினைக்காமல் இந்தப் பேச்சைத் தொடங்கவும் கூடாது. இவற்றுக்கெல்லாம் பிற்பகலில் கட்டுரைகள் வருகின்றன. என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

என் கேள்வி ஒன்றுதான். ஒரு கணக்கை யோசிக்க ஒரு பிள்ளைக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறோம்?

ஐ.ஓ.க்யூ.எம். என்ற ஒலிம்பியாடு முதல் கட்டத் தாளில் 30 வினா, 3 மணி நேரம். வினாவுக்கு ஆறு நிமிடம் விழுகிறது. விடை இரண்டு இலக்க எண், ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தைக் கருப்பாக்கிவிட்டு வர வேண்டியதுதான். அதைத் தாண்டியவர்களுக்கு வட்டார ஒலிம்பியாடு: ஆறு கணக்கு, அதே 3 மணி நேரம், நிறுவல் எழுத வேண்டும். உச்சியில் இருக்கும் அனைத்துலக ஒலிம்பியாடில் நாளுக்கு மூன்று கணக்கு, நாலரை மணி நேரம். ஆறு நிமிடம், அரை மணி, ஒன்றரை மணி என்று மேலே போகப்போக நேரம் கூடுகிறது. உட்கார்ந்து யோசிக்கிற பிள்ளைக்கென்று மாடியைக் கட்டிவிட்டு, ஓடத் தெரிந்த பிள்ளை மட்டும் ஏறும்படி ஏணியைச் சாத்தியிருக்கிறோம். அத்தனை பேருடைய நிறுவலையும் யார் உட்கார்ந்து திருத்துவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, அதற்கு வருகிறேன்.

இடையில் என் பழைய இதழுக்குப் போக அனுமதியுங்கள். வி. இராமசுவாமி ஐயர் என்ற அரசு அதிகாரி 1907இல் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கினார். அந்தக் கழகத்தின் இதழில் கேள்விகளுக்கும் தீர்வுகளுக்கும் என்றே ஒரு பகுதி இருந்தது. நம் ஆய்வாளர்கள் அந்தத் தொகுதிகளை எடுத்தால் கட்டுரைகளைப் படித்துக் குறிப்பெடுப்பார்கள். கேள்விப் பகுதி வந்ததும் மூடிவிடுவார்கள். இராமானுஜன் அந்தப் பகுதிக்கு அனுப்பியவை மட்டும் அறுபதுக்குச் சற்றுக் குறைவு. 1911இல் வந்த 289ஆம் கேள்வி உங்களுக்கெல்லாம் தெரிந்ததே: ஒரு வர்க்கமூலத்துக்குள் 1 கூட்டல் 2 மடங்கு இன்னொரு வர்க்கமூலம், அதற்குள் 1 கூட்டல் 3 மடங்கு இன்னொன்று, அதற்குள் 4 மடங்கு, இப்படி முடிவில்லாமல் போனால் மதிப்பு என்ன? ஆறு மாதம் போயிற்று. யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் கேட்டவரே அனுப்பினார்: 3.

வழி ஒன்பதாம் வகுப்புக்கு எட்டக்கூடியதுதான். 3 என்பது 9இன் வர்க்கமூலம்; 9 என்பது 1 + 2 × 4. அந்த 4, 16இன் வர்க்கமூலம். 16 என்பது 1 + 3 × 5. அந்த 5, 25இன் வர்க்கமூலம்; 25 என்பது 1 + 4 × 6. பிறகு தானாக ஓடும். ஆனால் வகுப்பில் ஒரு குறும்புக்காரப் பெண் எழுந்து, “4ஐ வைத்தும் இதையே செய்யலாமேங்க சார்” என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? 16 = 1 + 2 × 7.5. அந்த 7.5இன் வர்க்கம் 56.25, அது 1 + 3 × 18.41… என்று இதுவும் தடையில்லாமல் இறங்கிக்கொண்டே போகிறது. அப்படியானால் விடை 3ஆ, 4ஆ? எங்கோ உள்ளே ஒதுக்கித் தள்ளுகிற வால்பகுதி உண்மையிலேயே தேய்கிறதா என்று பார்க்காமல் இதற்குப் பதில் இல்லை. இத்தகைய அடுக்கு மூலங்கள் எப்போது ஒருங்கும் என்பதற்கு முழுமையான நிபந்தனையைப் பின்னாளில் டி. விஜயராகவன் நிறுவினார். சென்னையில் அழகப்பச் செட்டியார் கொடையில் எழுந்த இராமானுஜன் நிறுவனத்தின் முதல் இயக்குநர் அவர். அந்தப் பெண்ணின் கேள்வி ஆறு நிமிடத்தில் எழுந்திருக்காது. எழுந்தாலும் வட்டத்தைக் கருப்பாக்கிவிட்டு அடுத்த வினாவுக்குப் போகச் சொல்லியிருப்போம்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் இதையெல்லாம் எழுதியபோது நண்பர் ஒருவர் மறுப்பு எழுதினார். இன்று அவர் முன்வரிசையில்தான் இருக்கிறார். காப்பி குடித்துக்கொண்டே பேசிக்கொண்டோம், கசப்பு ஒன்றுமில்லை. இராமானுஜனை ஆக்கியது கார் என்பவரின் தொகுப்பு நூல், இதழ்க் கேள்விகள் வெறும் பொழுதுபோக்கு என்பது அவர் கட்சி. கார் நூல் பதினைந்து பதினாறு வயதில் இராமானுஜன் கைக்கு வந்தது உண்மை. ஆனால் கார் யார்? கேம்பிரிட்ஜின் டிரைபாஸ் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்த தனிப் பயிற்சியாளர். சுமார் 5000 தேற்றங்களை நிறுவல் இல்லாமலோ ஒரு வரிக் குறிப்போடோ அடுக்கிய அந்த நூல், நம் காந்திபுரத்துக் கோச்சிங் சென்டர் நோட்ஸுக்கு முப்பாட்டன். அதைப் படித்தவர் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. எழுதியதை மற்றவருக்குப் புரியும்படி எழுத வேண்டும் என்ற பழக்கம் அவருக்கு வந்தது இதழில் எழுதத் தொடங்கிய பிறகுதான்; இதழாசிரியர் நாராயண ஐயங்கார் பெங்களூரிலிருந்து கையெழுத்துப் படியைத் திருப்பித் திருப்பி அனுப்பித் திருத்தச் சொன்னார். கார் கொடுத்தது சரக்கு. வாசகர் என்று ஒருவரைக் கொடுத்தது இதழ்.

நண்பருக்கு நியாயமாக ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். 1966இல் அமெரிக்காவின் புட்னம் போட்டியில் இதே 289ஆம் கேள்வியைக் கொடுத்தார்கள். மூன்று மணி நேரத்தில் போட வேண்டிய ஆறு கணக்கில் இது ஆறாவது. விடை 3 என்று தாளிலேயே சொல்லிவிட்டு, அதை நியாயப்படுத்து என்றார்கள். இதழ் மதிப்பைக் கேட்டது, போட்டி நிறுவலைக் கேட்டது. போட்டிதான் கறாரான கேள்வியைக் கேட்டிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். நிறுவலைக் கேட்கிற போட்டிகளோடு எனக்குச் சண்டையே இல்லை. சண்டை வாசலில் நிற்கிற அந்த ஆறு நிமிடத்தோடுதான்.

இன்னொரு சிறு வழக்கு. இராமானுஜன் 1887 டிசம்பர் 22இல் ஈரோட்டில் பாட்டி வீட்டில் பிறந்தார் என்பதை வைத்து ‘கொங்கு மண் ஈன்ற மேதை’ என்று நம் பக்கத்து மேடைகளில் முழங்குகிறார்கள். கைக்குழந்தையாகவே கும்பகோணம் போய்விட்டவர். நாம் சொந்தம் கொண்டாட வேண்டுமானால் அவர் கேட்டது போலக் கேள்வி கேட்க ஒரு பக்கத்தை நம் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டுக் கொண்டாடலாம்.

நமக்கு அப்படி ஒரு பக்கம் ஏன் இல்லை? ஹங்கேரியில் 1894இல் இரண்டு காரியங்கள் தொடங்கின. ஒன்று, பள்ளி முடித்த மாணவர்க்கான எட்வோஷ் போட்டி. இன்றைய ஒலிம்பியாடுகளுக்கெல்லாம் அதுவே முன்னோடி என்று படித்திருக்கிறோம். மூன்றே கணக்கு, புத்தகத்தையும் குறிப்பையும் பார்த்து எழுதலாம் என்ற விதி இருந்ததை மட்டும் யாரும் நினைவூட்டுவதில்லை. இரண்டாவது, ஜ்யோர் என்ற ஊரில் டானியேல் அரன் என்ற பள்ளி ஆசிரியர் தொடங்கிய மாத இதழ். சுருக்கமாகக் ‘கோமல்’ என்பார்கள். மாதந்தோறும் கணக்குகள் வரும்; பிள்ளைகள் வீட்டிலிருந்து தீர்வு அனுப்புவார்கள்; நல்ல தீர்வுகள் அனுப்பியவர் பெயரோடு அச்சாகும்; சிறந்தவர்களின் புகைப்படமும் வரும். எர்டோஷின் சிறுவயதுப் படம் அதில் வந்திருக்கிறது. காபோர் செகோ 1912இல் எட்வோஷ் போட்டியில் வென்றவர். அந்த நாளில் மாத இதழ் வருவதற்காகத் தவம் கிடந்ததைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஜ்யோர் தலைநகரம் கிடையாது, கோவையைப் போல மாகாணத்து ஊர். நாம் போட்டியை இறக்குமதி செய்துகொண்டோம், இதழைக் கப்பலிலேயே விட்டுவிட்டோம்.

அப்படி ஒரு பக்கம் இல்லாமல் போனதில் நம் வட்டாரத்துக்கென்று ஒரு தனிக் கணக்கும் இருக்கிறது. கணக்கில் சென்டம் என்ற சொல்லை ஊர்ப் பேச்சாக்கியதில் நாமக்கல், இராசிபுரம் பக்கத்து உறைவிடப் பள்ளிகளுக்குப் பங்குண்டு. பதினோராம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு வருஷமும் பன்னிரண்டையே உருப்போட வைத்த கதை இங்கே யாருக்குத் தெரியாது? 2017இல் அரசு ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது. 2017–18இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025இல் அது நீக்கப்பட்டது. ரேங்க் பட்டியல் போனதும் கல்வியே போய்விட்டது என்று புலம்பியவர்களுக்கு ஒரு செய்தி: கேம்பிரிட்ஜ் தன் டிரைபாஸ் தரவரிசையை 1909ஆம் ஆண்டோடு நிறுத்திக்கொண்டது. கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி 1898இல் அந்தப் பட்டியலில் நான்காம் இடம் பெற்றவர். பட்டியலை ஒழிக்கப் போராடியவர்களில் ஒருவரும் அவர்தான். 1926இல் இங்கிலாந்தின் கணித ஆசிரியர் சங்கத் தலைமை உரையிலேயே டிரைபாஸை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று வாதாடினார். தலைமை உரையில் வழக்காடுவது முறையா என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பதால் இந்த முன்னுதாரணத்தைச் சொல்லி வைக்கிறேன்.

தமிழ் மூலங்களைப் பற்றி ஒரு வார்த்தை. காரி நாயனாரின் கணக்கதிகாரம் என்ற பழைய கணக்கு நூலை எடுத்தாலே இரண்டு கட்சிகள் எழுந்துவிடுகின்றன. பலாப்பழத்தை அறுக்காமல் சுளை எண்ணும் விதியில் நுண்கணிதமே இருக்கிறது என்பது ஒன்று. அதெல்லாம் கணக்குப்பிள்ளைக் கணக்கு, நிறுவல் எங்கே என்பது மற்றொன்று. காம்பைச் சுற்றியுள்ள சிறுமுள்ளை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. இரண்டு கட்சியிலும் ஒருவராவது ஒரு பழத்தை அறுத்துப் பார்த்ததாகக் கட்டுரை எழுதியிருக்கிறார்களா? கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில்தான் இருக்கிறது, பலாவுக்குப் பஞ்சமில்லை. ஒரு பருவம் முழுக்க ஒரு பள்ளிப் பிள்ளைகள் முள்ளையும் சுளையையும் எண்ணிப் பட்டியல் போடட்டும். விதி எவ்வளவு பிசகுகிறது, சிறு பழத்திலா பெரும் பழத்திலா, சிறுமுள் எது என்பதில் இருவர் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பார்க்கட்டும். இதுவும் ஒரு மேம்பாட்டு வாய்ப்புத்தான். ஓ.எம்.ஆர். தாளில் மட்டும் அடங்காது.

ஆக, யார் திருத்துவது என்ற கேள்வி. கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர் மாவட்டங்களில் பி.எஸ்ஸி. கணிதம் நடத்தும் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. மாதம் ஆறு கணக்கு தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டு எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அனுப்புவோம். அனைத்துலக ஒலிம்பியாடிலேயே பிள்ளைகள் தம் மொழியில் தாள் வாங்கித் தம் மொழியில் எழுதலாம் என்றிருக்க, அவிநாசியில் படிக்கும் பிள்ளை தமிழில் எழுதினால் என்ன? வரும் தீர்வுகளை இளங்கலை மாணவர்கள் தம் பேராசிரியர் மேற்பார்வையில் திருத்தட்டும். பள்ளிப் பிள்ளையின் நிறுவலில் ஓட்டை எங்கே என்று தேடிக் கண்டுபிடிப்பதைவிட நல்ல பயிற்சி ஒரு பி.எஸ்ஸி. மாணவனுக்கு வேறென்ன இருக்கிறது? தமிழில் அறிவியல் இதழ் நடத்த இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஜி.ஆர். தாமோதரன் ‘கலைக்கதிர்’ தொடங்கியது இங்கேதான். அச்சுச் செலவு கோவைக்கு ஒரு பொருட்டா என்பதைத் தொழிலதிபர்கள் அமர்ந்திருக்கும் வலப்பக்க வரிசையைப் பார்த்துக் கேட்கிறேன்.

பயிற்சி மையத்துக்காரர்கள் அந்த ஆறு கணக்குக்கும் மறுநாளே விடை விற்பார்கள் என்பது எனக்கு எதிராக வரப்போகும் வாதம். விற்கட்டும். மதிப்பெண்ணும் பரிசும் கட் ஆஃபும் இல்லாத ஒன்றுக்கு விடை வாங்க எத்தனை பேர் காசு கொடுப்பார்கள் என்று பார்க்கலாம். பரிசே இல்லாவிட்டால் எந்தப் பெற்றோர் அனுமதிப்பார் என்பது அடுத்த வாதம். அதற்குத்தான் கோமல் புகைப்படம் போட்டது.

முதல் அமர்வின் கட்டுரைச் சுருக்கத்தை நேற்றிரவு படித்தேன். வேகமும் ஒரு திறமையே, ஆறு நிமிடத் தாளை எடுத்துவிட்டால் கிராமத்துப் பிள்ளை வெளிச்சத்துக்கு வரும் ஒரே வழியும் அடைபட்டுவிடும் என்று கட்டுரையாளர் வாதிடுகிறார். தாளை எடுக்கச் சொல்லவில்லை நான். அது ஒன்றே வாசலாக இருக்கக் கூடாது என்கிறேன். என் சுருக்கத்தை அவர் படிக்க வாய்ப்பில்லாமல் போனது, ஏனென்றால் நான் சுருக்கம் அனுப்பவில்லை. எனக்குக் கொடுத்த நேரத்தைத் தாண்டிவிட்டேன் என்று செயலாளர் சைகை காட்டுகிறார். என்னால் போன நிமிடங்களை அந்தக் கட்டுரையாளர் கணக்கில் கழிக்காமல், அவருக்கு முழு நேரமும் கொடுத்து மேடைக்கு அழைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.