கொடைக்கானல் குளிர்ல ஒரு டேட்டா லாகர்

இந்த எபிசோடு எஸ்டி கார்டு பத்தினது. ஆர்டுயினோவோட ஒரு மெமரி கார்டு மாட்யூலை இணைச்சு, சென்சார் படிக்கிற எண்ணை எல்லாம் கார்டுல எழுதி வைக்கிறது. இணையத்துல இதுக்கு நூறு வீடியோ இருக்கு. எல்லாமே மேஜை மேல நடக்குது, "கார்டு ரெடி"னு திரையில வந்ததும் முடிஞ்சிடுது. நாம அதே பெட்டியை மேஜையிலிருந்து எடுத்து, ஒரு ஜனவரி ராத்திரி பழனி மலை மேல வச்சுப் பார்க்கலாம்.

ஏன் அங்கே? டேட்டா லாகிங்னு பேசினா தமிழ்நாட்டுல பழைய இடங்கள்ல ஒண்ணு கொடைக்கானல். 1876-78ல வந்த பஞ்சம், நம்ம பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம்னு சொல்றது, அதுக்கு அப்புறம் ஒரு கேள்வி எழுந்துச்சு: சூரியன்ல நடக்கிற மாற்றத்துக்கும் நம்ம பருவமழைக்கும் தொடர்பு உண்டா? சூரியனைத் தொடர்ந்து கவனிக்க ஒரு இடம் தேடினாங்க. மிச்சி ஸ்மித் கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார், 1901ல அவதானிப்புகள் தொடங்கின. 1904 முதல் வானம் தெளிவா இருந்த நாட்கள்ல எல்லாம் சூரியனைப் படம் எடுத்து, கண்ணாடித் தட்டுலயும் ஃபிலிம்லயும் சேமிச்சு வச்சாங்க. 1909ல எவர்ஷெட் அங்கே இருந்துதான் சூரியப் புள்ளிகள்ல வாயு வெளிப்பக்கமா ஓடுறதைக் கண்டுபிடிச்சார். அது இன்னைக்கும் அவர் பேர்லயே வழங்குது. நூறு வருஷத்துக்கும் மேலான அந்தப் படங்களை இப்ப டிஜிட்டலாக்கி, உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்துறாங்க. பஞ்சத்துக்கான பதில் நேரா கிடைக்கலை. ஆனா பதிவு இருக்கு.

நம்ம பெட்டியோட கேள்வி அதைவிட ரொம்பச் சின்னது: உறைபனி. பூம்பாறை, மன்னவனூர் பக்கம் பூண்டு, உருளை, கேரட் போடுறாங்க. அந்த மலைப் பூண்டுக்கு 2019ல புவிசார் குறியீடும் கிடைச்சிருக்கு. உங்க போன்ல இருக்கிற ஆப் "கொடைக்கானல் 7 டிகிரி"னு காட்டும். ஆனா பள்ளத்துல இருக்கிற வயல்ல புல் மேல வெள்ளையா பனி உறைஞ்சு கிடக்கும். ரெண்டும் உண்மைதான். குளிர்ந்த காத்து கனமானது, தண்ணி மாதிரி சரிவுல இறங்கி பள்ளத்துல தேங்கும். அது போக, வானிலை நிலையத்துல வெப்பமானி கூண்டுக்குள்ள, தரையிலிருந்து ஒரு மீட்டருக்கும் மேல இருக்கும். தெளிவான ராத்திரியில புல் மட்டத்துல அதைவிடப் பல டிகிரி குறைவா இருக்கலாம். செடி வாழுறது புல் மட்டத்துல. எந்த வயல்ல எத்தனை மணிக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகுதுன்னு தெரியணும்னா, அந்த வயல்லயே அளக்கணும். பள்ளத்துல சிக்னலும் நம்ப முடியாது. அதனாலதான் கிளவுட் இல்லாம கார்டு.

முதல்ல சென்சார். கிட்ல வர்ற நீல நிற டிஹெச்டி 11ஐ எடுத்துட்டுப் போகாதீங்க. அது அளக்கிறதே பூஜ்யத்துலிருந்து 50 டிகிரி வரைக்கும்தான். நமக்கு வேண்டிய எண் பூஜ்யத்துக்குக் கீழே இருக்கு. டிஎஸ்18பி20, ஸ்டீல் குழாய்க்குள்ள வர்ற வாட்டர்ப்ரூஃப் வகை, சரியா இருக்கும். மைனஸ் 10 வரைக்கும் அரை டிகிரி துல்லியம். டேட்டா வயருக்கும் பவருக்கும் நடுவுல ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டாப் போதும்.

அடுத்து கார்டு. ஊனோவுக்குள்ளேயே அழியாத நினைவகம் இருக்கேன்னு கேட்கலாம். இருக்கு, 1 கேபி. ஒரு வரிக்கு 30 பைட்டுன்னா 34 வரி. பத்து நிமிஷத்துக்கு ஒரு வரி எழுதினா ஒரு ராத்திரிக்குக் கூடக் காணாது. அதே வேகத்துல எஸ்டி கார்டுக்குப் போனா வருஷத்துக்கு சுமார் 1.6 எம்பி. 4 ஜிபி கார்டு ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல தாங்கும், கணக்குல மட்டும்! அதனால கடையில பெரிய கார்டு கேட்காதீங்க. 64 ஜிபி கார்டு எக்ஸ்ஃபேட் முறையில ஃபார்மேட் ஆகி வரும், ஆர்டுயினோவோட வழக்கமான லைப்ரரிக்கு அது புரியாது. 32 ஜிபி அல்லது அதுக்குக் கீழே, ஃபேட் 32ல ஃபார்மேட் பண்ணினது போதும்.

வயரிங் எளிது. ஊனோவுல 11, 12, 13 மூணும் எஸ்பிஐ லைன், 10 சிப் செலக்ட். கவனிக்க வேண்டியது வோல்டேஜ்தான். கார்டு 3.3 வோல்ட் ஆசாமி, ஊனோ 5 வோல்ட் பேசும். நடுவுல மொழிபெயர்க்க ஒரு லெவல் ஷிஃப்டரும் ஒரு ரெகுலேட்டரும் இருக்கிற மாட்யூலா வாங்குங்க. அந்த மாட்யூலுக்கு 5 வோல்ட் பின்லிருந்து பவர் கொடுங்க. கார்டு எழுதும்போது ஒரு நொடிக்கும் குறைவா 100 மில்லி ஆம்பியர் கூட இழுக்கும். ஊனோவோட 3.3 வோல்ட் பின் 50தான் தரும். மேஜையில எப்பவாவது எழுதும், எப்பவாவது எழுதாதுங்கிற பேய்ப் பிரச்னைக்கு பல தடவை இதுதான் காரணம். 3.3 வோல்ட் ப்ரோ மினி பயன்படுத்தினா கதை தலைகீழ். அதுக்கு ரெகுலேட்டர் இல்லாத வெறும் சாக்கெட் மாட்யூல்தான் பொருந்தும். காட்டுக்கு நான் ப்ரோ மினியைத்தான் சொல்வேன். ஊனோ சும்மா இருந்தாலே பேட்டரியைக் குடிக்கும், ரெண்டு நாள் தாங்கினா பெரிசு.

நேரம் தெரியாத வெப்பநிலைக்கு மதிப்பில்லை. அதுக்கு டிஎஸ்3231 கடிகாரம். குளிருக்கும் வெயிலுக்கும் ஏத்த மாதிரி தன்னைத் தானே திருத்திக்கும், வருஷத்துக்கு ஒரு நிமிஷம் போல தப்பும், அவ்வளவுதான். மலிவான டிஎஸ்1307 குளிர்ல நகரும், வேண்டாம். இன்னொரு விஷயம்: பரவலா கிடைக்கிற சில டிஎஸ்3231 மாட்யூல்ல பேட்டரியை சார்ஜ் பண்ற சர்க்யூட் இருக்கும். அதுல சாதாரண சிஆர்2032 போட்டு 5 வோல்ட் கொடுத்தா ஆபத்து. அந்தச் சின்ன ரெசிஸ்டரையோ டையோடையோ எடுத்துட்டுப் போடுங்க.

இப்ப முக்கியமான இடம். நீங்க கோடுல ஒரு வரி எழுதினதும் அது கார்டுக்குப் போயிடலை. 512 பைட் அளவுள்ள ஒரு தொட்டியில தேங்கும், தொட்டி நிறைஞ்சாத்தான் கார்டுக்குப் போகும். 30 பைட் வரின்னா கிட்டத்தட்ட 17 வரி, ஏறக்குறைய மூணு மணி நேரம். குளிர்ல பேட்டரி திணறுறது விடியற்காலையில. உறைபனி விழுறதும் அப்பதான். பவர் போன அந்த நொடியில, உங்களுக்கு வேண்டிய அதே மூணு மணி நேரம் தொட்டியோட போயிடும். அதனால ஒவ்வொரு வரிக்கும் ஃபைலைத் திற, எழுது, மூடு. இல்லைன்னா ஃபிளஷ் பண்ணு. கொஞ்சம் கூட கரண்ட் செலவாகும், ஆகட்டும்.

ஒரே ஃபைல்ல வருஷம் முழுக்க எழுதாம நாளுக்கு ஒரு ஃபைல் வைங்க. எழுதுற நேரத்துல பவர் போய் ஃபைல் கெட்டாலும் பெரும்பாலும் ஒரு நாளோட போயிடும். லைப்ரரி பேருக்கு எட்டு எழுத்துதான் அனுமதிக்கும். வருஷம், மாசம், தேதி சேர்த்தா சரியா எட்டு. இதுக்காகவே அளவெடுத்த மாதிரி!

சென்சார் வயர் கழண்டா மைனஸ் 127னு வரும், பவர் தடுமாறினா 85னு வரும். அதைக் கோடுலயே வடிகட்டணும்னு தோணும். வேண்டாம். வந்ததை வந்தபடி எழுதுங்க, அப்புறம் லேப்டாப்ல பார்த்துக்கலாம். எந்த ராத்திரி வயர் கழண்டதுங்கிறதும் ஒரு தகவல்தான்.

மலைக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டுலயே ஒரு சோதனை. பெட்டியை வெளியில வச்சுட்டு, சென்சார் குழாயை மட்டும் ஃப்ரிட்ஜ் ஃப்ரீசருக்குள்ள விடுங்க. வயர் மெல்லிசுதான், கதவு மூடிக்கும். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிங்க. பன்னிரண்டு மணிக்கு அந்த நாளோட ஃபைல் முடிஞ்சு அடுத்தது தொடங்கும், அதுவும் சோதனையில சேர்ந்திடும். நடுவுல ஒரு தடவை, யார்கிட்டயும் சொல்லாம, பேட்டரியைக் கழட்டி உடனே மாட்டுங்க. காலையில ஆறு மணிக்குக் கார்டை எடுத்து ரெண்டு ஃபைலையும் திறந்து வரியை எண்ணுங்க. பத்து நிமிஷத்துக்கு ஒண்ணுன்னா 49 இருக்கணும். எத்தனை வந்துச்சுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடு பேட்டரியும் ஸ்லீப் மோடும்.