உண்ணிக்கடியும் அடுக்களை மருந்தும்

மாட்டுண்ணியையும் நாயுண்ணியையும் அறியாத நேயர் இரார். கண்டவிடத்துப் பிடுங்கி எறிவதோடு அதன் கதை முடிந்துவிடும். ஆனால் ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியிலே, மானும் எலியும் நடமாடும் காட்டோரங்களில் வாழும் ஓருண்ணியின் கடி, சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும் வருத்தத்தின் தொடக்கமாகிவிடுகின்றது. அதற்கு லைம் நோய் என்று பெயர். தேசிக்காய்க்கும் அதற்கும் யாதொரு தொடர்புமில்லை. கனெக்டிக்கட் மாநிலத்திலுள்ள லைம் என்னும் ஊரின் பெயரே அது.

அவ்வூரில் பொலி மரே என்னும் தாயொருவர் வாழ்ந்தார். அவருடைய வீட்டில் ஒருவர் மாறி ஒருவருக்கு மூட்டு வீங்கியது. தோலிலே தடிப்புக் கண்டது. தலையிடியும் களைப்பும் ஓயவில்லை. வைத்தியர் பலரிடம் சென்றும் விடை கிடைக்கவில்லை. எல்லாம் மனப்பிரமை என்றவரும் உளர். அவரோ சோர்ந்துவிடாமல், யாருக்கு எப்போது என்ன நேர்ந்தது என்பதைக் குறித்து வைத்தார். 1975ஆம் ஆண்டு அவரும் அயலூரிலிருந்த வேறொரு தாயும் தம் பகுதியிற் பிள்ளைகள் பலருக்கு மூட்டுவாதம் வருவதை அறிவித்தனர். யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வைத்தியர் அலன் ஸ்டியர் ஆராய்ந்தார். 1977இல் வெளிவந்த அவருடைய கட்டுரையிற் குறிக்கப்பட்ட 51 நோயாளருள் 39 பேர் சிறுவர். நோய்க்குக் காரணமான சுருள் வடிவக் கிருமியை உண்ணியின் உடலிலே வில்லி பேர்க்டோபர் கண்டது 1981இல். இன்று அக்கிருமி அவர் பெயராலேயே வழங்குகின்றது.

இவ்வுண்ணியின் இளம் பருவம் கசகசா விதையளவே இருக்கும். கடித்தது பலருக்குத் தெரிவதில்லை. ஆயினும் கிருமி உடலுட் புகுவதற்கு உண்ணி பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும். ஆதலால் மாலையில் உடலைச் சோதித்து அகற்றிவிடுபவர் தப்பிவிடுவர். நோய் தொற்றினாலும், டொக்சிசைக்கிளின் முதலிய மருந்துகளை இரண்டு முதல் நான்கு வாரம் வரை உட்கொண்டால் மிகப் பலர் குணமடைவர்.

சிக்கல் எஞ்சிய சிலரிடமே தோன்றுகின்றது. நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் வரையிற் சிகிச்சை முடிந்த பின்பும் களைப்பு, உடல்நோவு, ஞாபகத் தடுமாற்றம் ஆகியவற்றால் வருந்துகின்றனர். கிருமி இன்னும் ஒளிந்திருக்கின்றது, மருந்தை மாதக்கணக்கில் நீட்டவேண்டும் என்பது ஒரு சாரார் கட்சி. இதனைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். 2001இல் அமெரிக்காவில் ஒரு மாதம் நாளத்தினூடாகவும் இரண்டு மாதம் வாயினூடாகவும் மருந்து கொடுத்தனர். 2016இல் ஒல்லாந்தில் 280 பேருக்குப் பன்னிரண்டு வார நீடிப்புச் சிகிச்சையைச் சோதித்தனர். மருந்தில்லாப் போலிக் குளிசை பெற்றோரைவிட நீண்ட மருந்து பெற்றோர் கூடுதலாகத் தேறவில்லை. நெடுநாள் ஊசி மருந்தினால் வேறு கிருமிகள் இரத்தத்திலே புகுந்து ஆபத்து நேர்ந்ததும் உண்டு. இதனால் நோயாளியின் வேதனை பொய் என்றாகிவிடாது. வேதனை மெய்; அதற்கு அந்த மருந்து விடையன்று என்பதே சோதனையின் பொருள்.

கைவிடப்பட்டதாக எண்ணும் நோயாளர் அடுக்களையை நாடுகின்றனர். அது இயல்பே. உள்ளிச் சாறு, எலும்புக் கஞ்சி, முட்டையோட்டுத் தூள், புளித்த பாற்பானம், மூலிகைக் கஷாயம் என அமெரிக்க இல்லங்களிலே காய்ச்சப்படுவனவற்றைப் பார்த்தால் நம் பாட்டிமார் வியப்படையார். நம்மவர் அறிந்த நிலவேம்பும் அவற்றுள் ஒன்று! ஆனால் 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கண்ணாடிக் கலத்திலே வளர்த்த கிருமியின் மீது பல மூலிகைகளைச் சோதித்தபோது, நிலவேம்பு ஏறக்குறைய ஒன்றுஞ் செய்யவில்லை. சப்பானிய நாட்டுச் செடியொன்று முதலாகச் சில நன்கு வேலை செய்தன. எனினும் கலத்திலே கிருமியைக் கொல்வது வேறு, மனித உடலிலே கொல்வது வேறு.

இவற்றுட் பலவற்றை உணவாகக் கொள்வதிற் குற்றமில்லை. மருந்தோடு மோதும்போதுதான் தொல்லை. டொக்சிசைக்கிளின், கல்சியம், மக்னீசியம், இரும்பு ஆகியவற்றோடு குடலிலே பிணைந்துகொள்ளும். பிணைந்த மருந்து இரத்தத்தை அடையாது வெளியேறிவிடும். காலையிற் குளிசையை விழுங்கி, அதன் மேலே முட்டையோட்டுத் தூளையும் ஓர் இரும்புக் குளிசையையும் விழுங்குபவர், நோய்க்கு மருந்துண்பதாக எண்ணிக்கொண்டு மருந்தை வீணாக்குகின்றார். இரண்டு மூன்று மணி நேரமாவது விலக்கி உண்டால் போதும். அக்குளிசையை ஒரு கோப்பை நிறைந்த நீரோடு விழுங்கவேண்டும்; விழுங்கியவுடன் படுத்தல் ஆகாது, உணவுக்குழாய் புண்படும். வெயிலும் அந்நாட்களில் தோலை எளிதிற் சுட்டுவிடும்.

வெள்ளி நீரோ உணவுமன்று, மருந்துமன்று. இரு வெள்ளிக் கம்பிகளை நீரில் இட்டு மின்கலத்தாற் சிறிது மின்னோட்டம் செலுத்தி வீட்டிலேயே இதனைத் தயாரிக்கின்றனர். மொன்டானா மாநிலத்தில் 2002ஆம் ஆண்டு செனற் சபைத் தேர்தலில் நின்ற ஒருவர், 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது மருந்துத் தட்டுப்பாடு வரும் என அஞ்சி இந்நீரைக் காய்ச்சிக் குடித்தார். தட்டுப்பாடு வரவில்லை, அவருடைய தோல் நீலச் சாம்பல் நிறமானது. தோலிற் படிந்த வெள்ளி பின்பு நீங்குவதில்லை. இது நம்பத்தக்க மருந்தன்று என அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 1999இலேயே தீர்ப்பளித்திருந்தது. மேலே சொன்ன 2020ஆம் ஆண்டு ஆய்விலும் வெள்ளி நீர் நிலவேம்பின் வரிசையிலேதான் நின்றது.

நீடித்த வருத்தமுடையோர் பலர் மாதங்கள் செல்லச் செல்லத் தேறுகின்றனர். அதுவரை, ஒழுங்கான உறக்கமும் சிறிது சிறிதாகக் கூட்டும் நடையும் உதவும். இரத்தக் குறைவு, தைரொயிட் சுரப்பியின் கோளாறு, மனச்சோர்வு என வேறு காரணங்கள் மறைந்திருக்கின்றனவா என்று பார்ப்பதும் அவசியம். பொலி மரேயைப் போலக் குறிப்பேடு வைத்திருப்பவர், எந்நேரம் எதனை உட்கொண்டார் என்பதையும் அதில் எழுதலாம். வேறென்ன மருந்து பாவிக்கிறீர்கள் என்று வைத்தியர் வினவும்போது, உள்ளியை யாரும் சொல்வதில்லை. அது மருந்தல்லவே என்பது எண்ணம். இரத்தம் உறையாதிருக்க மருந்துண்பவர் அதனைக் கட்டாயம் சொல்லவேண்டும். மிகுதியாக உண்ட உள்ளி இரத்தப்போக்கைக் கூட்டவல்லது.