பட்டியலில் முதலிடம், கையில் விற்காத கடன்



நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட் வங்கிகளுக்கு ஆண்டுதோறும் ஒரு தரவரிசை வெளியாகும். கடன் வாங்கி நிறுவனங்களை வளைத்துப் போடுகிறவர்களுக்கு, அந்தக் கடனைத் திரட்டிக் கொடுத்ததில் யார் முதலிடம் என்று. ஜேபி மார்கன், பேங்க் ஆஃப் அமெரிக்கா, கோல்ட்மேன் சாக்ஸ் போன்ற பெயர்கள் மேல்வரிசையில் முன்னும் பின்னுமாக மாறி வரும். அந்தப் பட்டியலை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எத்தனை கோடிக்குக் கடன் ஏற்பாடு செய்தார்கள் என்பது அதில் இருக்கும். அதில் எவ்வளவு நட்டத்துக்கு விற்றார்கள், எவ்வளவு கையிலேயே தங்கிப் போனது என்பது இருக்காது.

தொழில் நடக்கும் விதம் இதுதான். ஒரு முதலீட்டாளர் ஒரு நிறுவனத்தை வாங்குகிறார். விலையில் ஒரு பங்குதான் அவர் பணம்; மீதி கடன். அந்தக் கடனை அடைக்கும் பொறுப்பு, வாங்கப்பட்ட நிறுவனத்தின் தலையில் விழும். வங்கி முதலில் மொத்தக் கடனுக்கும் கையெழுத்துப் போடுகிறது. பிறகு அதைக் கூறு போட்டு ஓய்வூதிய நிதிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் விற்றுவிடுகிறது. மாமரம் பூத்திருக்கும்போதே தோப்பைக் குத்தகைக்கு எடுப்பவரின் பாடுதான் வங்கிக்கும். காய் இறங்கும் நேரத்தில் விலை சரிந்தாலும் பேசிய தொகையைக் கொடுத்தாக வேண்டும். வங்கிக்குக் கிடைக்கும் கமிஷன் பெரும்பாலும் நூற்றுக்கு இரண்டு, இரண்டரை. விற்கும் விலை அதற்கு மேல் இறங்கினால் சொந்தப் பணம் கரையும்.

எண்பதுகளில் இந்தத் தொழிலை ஆட்டிப் படைத்தது டிரெக்செல் பர்ன்ஹம் லாம்பர்ட் என்ற முதலீட்டு வங்கி. அதன் மூளை மைக்கேல் மில்கன். கலிஃபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸில், எக்ஸ் எழுத்தைப் போல் அமைத்த மேசையின் நடுவில் அவர் உட்கார்ந்திருப்பார். நியூயார்க் சந்தை நேரத்துக்கு ஈடுகொடுக்க, விடியுமுன்பே வேலை தொடங்கிவிடும். டிரெக்செலிடம் பெரிய வங்கிகளின் மூலதனம் கிடையாது. ஆகவே ஒரு தந்திரம் செய்தார்கள். 'இந்தப் பணத்தைத் திரட்ட முடியும் என்று உறுதியாக நம்புகிறோம்' என்ற பொருளில், நிறுவனத்தை வாங்க வருபவருக்கு ஒரு கடிதம் கொடுப்பார்கள். அதில் ஒரு டாலர் தருவதாகக்கூட வாக்குறுதி இருக்காது. ஆனாலும் அந்தக் கடிதத்தைக் காட்டியே பெரிய நிறுவனங்களின் தலைவர்களை நடுங்க வைத்தார்கள். பணம் திரும்பி வருமா என்ற சந்தேகத்தில் குப்பைப் பத்திரம் என்று மற்றவர்கள் ஒதுக்கிய கடன் பத்திரங்களை யார் வாங்குவார், எந்த வட்டிக்கு வாங்குவார் என்பது மில்கனுக்கு அத்துப்படி. பலம் முழுக்க அங்கேதான் இருந்தது. 1990இல் மில்கன், பங்குப் பத்திரச் சட்டங்களை மீறிய குற்றத்தை ஒப்புக்கொண்டார். டிரெக்செலும் அதே ஆண்டு பிப்ரவரியில் திவாலானது.

அதே சமயத்தில் ஃபர்ஸ்ட் பாஸ்டன் என்ற வங்கி வேறு விதமாக மாட்டிக்கொண்டது. சீலி மெத்தை தயாரிக்கும் ஓஹாயோ மேட்ரஸ் நிறுவனத்தை வாங்குவதற்கு, 1989இல் 45 கோடியே 70 லட்சம் டாலரைத் தன் கையிலிருந்தே இடைக்காலக் கடனாகக் கொடுத்தது. பத்திரம் விற்றுப் பணத்தை எடுத்துவிடலாம் என்று கணக்கு. அந்த ஆண்டே குப்பைப் பத்திரச் சந்தை சரிந்தது, வாங்க ஆளில்லை. வால் ஸ்ட்ரீட்டில் இதற்கு 'எரியும் படுக்கை' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். பிறகு ஸ்விட்சர்லாந்தின் கிரெடிட் சுவிஸ் பணம் போட்டு ஃபர்ஸ்ட் பாஸ்டனைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அந்த கிரெடிட் சுவிஸும் இந்தத் தொழிலில் பல ஆண்டு முன்வரிசையில் இருந்துவிட்டு, 2023இல் யூபிஎஸ் கைக்குப் போனது தனிக்கதை.

இப்போது ட்விட்டருக்கு வருவோம். 2022 ஏப்ரலில் எலான் மஸ்க் அதை 4,400 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டார். மார்கன் ஸ்டான்லி தலைமையில் ஏழு வங்கிகள் 1,300 கோடி டாலர் கடனுக்குப் பொறுப்பேற்றன. கையெழுத்தான நாளில் அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி அரை சதவீதத்துக்குள் இருந்தது. அக்டோபர் 27 அன்று நிறுவனம் கைமாறியபோது மூன்றைத் தாண்டிவிட்டது. விளம்பரதாரர்களும் ஒதுங்கத் தொடங்கினார்கள். அந்தக் கடனை விற்றிருந்தால் பெரிய நட்டம். அதற்கு முந்தைய மாதம்தான் சிட்ரிக்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் கடனை விற்று, வேறொரு வங்கிக் கூட்டம் 50 கோடி டாலருக்கு மேல் இழந்திருந்தது. ஆகவே ட்விட்டர் வங்கிகள் விற்காமல் வட்டியை வாங்கிக்கொண்டு இரண்டு ஆண்டுக்கு மேல் காத்திருந்தன. 2025 பிப்ரவரியில் கடனில் ஒரு பெரிய பகுதியை டாலருக்கு 97 சென்ட் விலையில் தள்ளிவிட்டன. மஸ்கின் அரசியல் செல்வாக்கும், அவருடைய செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தில் ட்விட்டருக்கு இருந்த பங்கும் கைகொடுத்தன. அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். ஆனால் அது வரும்வரை தாக்குப்பிடிக்க மூலதனம் வேண்டுமே. ஃபர்ஸ்ட் பாஸ்டனிடம் இல்லாதது அதுதான்.

2025 செப்டம்பரில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற விளையாட்டு மென்பொருள் நிறுவனத்தை 5,500 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவிப்பு வந்தது. அதில் 2,000 கோடி டாலர் கடனுக்கும் கையெழுத்திட்டது ஒரே வங்கி, ஜேபி மார்கன். டிரெக்செல் காலத்தில் இதை யாரும் கற்பனை செய்திருக்க மாட்டார்கள்.

வங்கிப் பங்குகளில் பணம் போட்டிருக்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. தரவரிசையைப் பார்த்து மயங்க வேண்டாம். காலாண்டு அறிக்கையைப் புரட்டி, விற்காமல் தங்கிய கடனுக்கு எவ்வளவு நட்டம் எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள்.