விமான நிலையக் கட்டணம்: யார் கொடுப்பது முறை?



எங்கள் தோட்டத்துக் குடும்பம் ஒன்று, உறவினர் திருமணத்திற்காகச் சென்னை போகப் பயணச்சீட்டு எடுத்தது. கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர். குடும்பத் தலைவர் சீட்டை என்னிடம் காட்டி, "வாத்தியாரே, விமானத்துக்குத்தான் காசு கொடுத்தாயிற்றே, விமான நிலையத்துக்கு எதற்குத் தனியாக?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். கணக்கைப் பார்ப்போம். கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்திலிருந்து இந்தியா செல்லும் ஒருவருக்கு, 2024 ஜூன் மாத விகிதப்படி, பயணிகள் சேவைக் கட்டணம் 50 ரிங்கிட். 2019 செப்டம்பரில் அரசாங்கம் கொண்டுவந்த புறப்பாட்டு வரி, சாதாரண வகுப்பில் 20 ரிங்கிட். ஆக, நால்வருக்கு 280 ரிங்கிட். பால்மரம் வெட்டிப் பிழைப்பவருக்கு இது சிறு தொகையா?

ஆனாலும், சேவைக் கட்டணமே வேண்டாம் என்று சொல்லிவிட முடியுமா? கட்டடம், பாதுகாப்புச் சோதனை, பெட்டிகளை ஏற்றியிறக்கும் இயந்திரம் இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும். பயணி கொடுக்காவிட்டால் அது பொதுப் பணத்திலிருந்துதான் வர வேண்டும். விமானத்தில் கால் வைக்காத நம் பாட்டியும் அதில் பங்கு கொடுக்க நேரும். அது முறையாகாது. மேலும், சரவாக் மலைநாட்டில் பாரியோ போன்ற சிறு விமான நிலையங்கள் தம் வருமானத்தில் நடக்க இயலாதவை. பெரிய நிலையத்தின் வருமானமே அவற்றைத் தாங்குகிறது.

எனவே, பறப்பவர் கொடுப்பதே முறை. ஆனால் எல்லாரும் ஒரே அளவாகக் கொடுப்பது முறையா? தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குக் கிராணியாரும் பால்வெட்டுக்காரரும் ஒரே தொகையா கொடுக்கிறார்கள்? அவரவர் சக்திக்கேற்பத்தானே! புறப்பாட்டு வரியில் இந்த நியாயம் இருக்கிறது: ஆசியானுக்கு அப்பால் செல்லும்போது சாதாரண வகுப்புக்கு 20 ரிங்கிட், உயர் வகுப்புக்கு 150 ரிங்கிட். சேவைக் கட்டணத்திலோ உயர் வகுப்பில் அமர்பவரும், சீட்டுப் பிடித்துச் சேமித்துப் போகிறவரும் ஒன்றே. கட்டணத்தை உயர்த்தியே ஆகவேண்டுமென்றால், உயர் வகுப்பிலிருந்து தொடங்கட்டும் என்பதே என் கருத்து.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். பயணம் தடைப்பட்டால், சீட்டுப் பணம் திரும்பக் கிடைக்காது என்றாலும், இந்தக் கட்டணத்தையும் வரியையும் விமான நிறுவனத்திடம் திரும்பக் கேட்கலாம். அது உங்கள் உரிமை.