சிப்பாயின் துப்பாக்கியும் பட்டறைக்காரரின் எஃகும்

பட்டறைத் தொழிலாளர் ஒருவரின் நினைவாக நிறுவப்பட்ட அறக்கட்டளையின் சொற்பொழிவு இது. பேசும் இடமோ பெங்களூரின் தொழிற்பேட்டையான பீன்யா. ஆகவே போர் என்றதும் தளபதிகளைத் தேடாமல், துப்பாக்கிக்குள் இருந்த இரண்டு எஃகுத் துண்டுகளைப் பற்றிப் பேசுகிறேன்.

இங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் பெங்களூர்க் கோட்டை. 1791 மார்ச் 21 இரவு கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸின் படை அதை மைசூரை ஆண்ட திப்பு சுல்தானிடமிருந்து பிடித்தது. அதில் இருந்த சென்னை ராணுவத்தில் தமிழ், தெலுங்குச் சிப்பாய்கள் ஏராளம். அவர்கள் தூக்கி வந்தது சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. கம்பெனியின் மாதிரியில் குழல் 39 அங்குலம், வாய் முக்கால் அங்குலம். குண்டு அதைவிடச் சிறியது என்பதால் சுலபமாக உள்ளே இறங்கும். பழகிய கை நிமிடத்துக்கு மூன்று முறை சுடும். குறி மட்டும் நூறு கஜம் தாண்டினால் ஆண்டவன் விட்ட வழி. ஒற்றை ஆள் தூரத்து எதிரியைக் குறி தவறாமல் வீழ்த்துவதெல்லாம் சினிமாவில்தான்.

குதிரை எனப்படும் சுத்தியலின் வாயில், தோல் சுற்றிய கல்லைத் திருகாணியால் இறுக்கியிருப்பார்கள். விசையை இழுத்ததும் ஸ்பிரிங் குதிரையை வீசும். கல் எதிரே நிற்கும் எஃகுத் தகட்டை உரசித் தள்ளும். தகடு விலகி, அதன் கீழுள்ள மருந்துக் கிண்ணம் திறந்துகொள்ளும். பொறி அதில் விழும். பொறி கல்லிலிருந்து வருகிறது என்றே பலரும் நினைக்கிறோம். கல் சுரண்டியெடுத்த எஃகுத் துகள்தான் காற்றில் எரிகிறது. கிரைண்டரில் தெறிக்கும் பொறியை வைத்தே ஸ்டீலில் கார்பன் எவ்வளவு என்று சொல்லும் ஃபிட்டர்கள் இங்கே இருப்பீர்கள். உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

பச்சை இரும்பை உரசினால் அந்தப் பொறி கிடைக்காது. ஆகவே தகட்டைக் கரி, எலும்பு, தோலோடு பெட்டியில் அடைத்து, செக்கச்சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினார்கள். நம்மூர் கேஸ் ஹார்டனிங்கேதான். ஸ்பிரிங் வேறு ரகம். கெட்டிப்படுத்திய பிறகு நீலம் பூக்கும்வரை திரும்பச் சூடாக்கி டெம்பர் பார்க்க வேண்டும். சூடு குறைந்தால் முறியும், மிஞ்சினால் தொய்யும். தெர்மோகப்பிள் இல்லாத அந்தக் காலத்தில் நிறத்தைப் பார்த்தே கணக்குப் போட்டார்கள். இந்த ஆட்களின் பெயரைப் போர் வரலாறுகளில் தேடினால் கிடைக்காது.

திப்புவுக்கு அவர்கள் அருமை தெரிந்திருந்தது. 1788-ல் வெர்சாய் போன அவருடைய தூதர்கள் படைத்துணையோடு கைவினைஞர்களையும் கேட்டார்கள். பதினாறாம் லூயி படை தரவில்லை, தொழிலாளர்களை அனுப்பினார். ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பட்டறைகளில் திப்புவுக்கென்றே செய்த புலிவரித் துப்பாக்கிகள் 1799-ல் அந்த நகரம் வீழ்ந்தபோது கொள்ளைப் பொருளாகி இங்கிலாந்து போயின. செய்தவர் பெயர் பொறித்தவையும் அவற்றில் உண்டு. அரசருடைய துப்பாக்கி என்பதால் பிழைத்த பெயர்கள் அவை.

இன்னொரு வேடிக்கை. 1793-ல் பிரான்சோடு போர் மூண்டு ஆயுதம் போதாமல் போனபோது, பிரிட்டிஷ் அரசு கம்பெனியின் இருப்பையே வாங்கிக்கொண்டது. இந்தியாவுக்கென்று சிக்கனமாகச் செய்த மாதிரி, நெப்போலியனை எதிர்த்த படையின் துப்பாக்கி ஆயிற்று. 1840-களில், அடித்தால் வெடிக்கும் கேப் வைத்துச் சுடும் துப்பாக்கி வந்ததும் கல்லுக்கும் தகட்டுக்கும் வேலை போயிற்று. ஸ்பிரிங் செய்பவருக்கு மட்டும் வேலை இருந்தது.