எதை எண்ணுகிறோம், யாரை விடுகிறோம்?

(தியாகராய நகரில் இளைஞர்களின் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"டேட்டா சயின்ஸ் நம் நகரத்தை மாற்றுமா?" என்று தலைப்பு கொடுத்திருக்கிறீர்கள். இதைப் பேச இந்த ஊரைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. இந்தப் பகுதிக்குப் பெயர் தந்த பிட்டி தியாகராயர் 1916 டிசம்பரில் பார்ப்பனரல்லாதார் அறிக்கையை வெளியிட்டார். அந்த அறிக்கையின் பலமே எண்கள்தான். மக்கள்தொகையில் சுமார் 3 விழுக்காடு இருந்த பார்ப்பனர்களிடம் அன்று டெபுடி கலெக்டர் பதவிகளில் 55 விழுக்காடும், மாவட்ட முன்சீப் பதவிகளில் 72.6 விழுக்காடும் இருந்தன. பதவிகளை மட்டும் எண்ணியிருந்தால் அது வெறும் ஊழியர் பட்டியல். சாதியையும் சேர்த்து எண்ணியதால்தான் அது அரசியல் ஆனது.

நூறாண்டு கழித்து இதே தி.நகர் ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்குத் தேர்வானது. 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் திறந்தார்கள். நடக்க இடம் கிடைத்தது, நல்லதுதான். ஆனால் ஒரு நகரம் எண்களை வைத்து முடிவெடுக்கும்போது, அந்த எண்கள் யாரிடமிருந்து வருகின்றன என்று நாம் கேட்க வேண்டும்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் சாலைப் பள்ளங்களைத் தானாகக் கண்டறிய ஒரு செல்போன் செயலி கொண்டுவந்தார்கள். ஸ்மார்ட்போனும் காரும் வைத்திருப்பவர்கள் ஓட்டிப் போகும் சாலைகளின் பள்ளம்தான் அதில் பதிவாகும். ஏழைகள், முதியவர்கள் வாழும் தெருக்களில் பள்ளம் குறைவு என்று கணினி தப்பாகச் சொல்லிவிடும் ஆபத்து அதில் இருந்தது. நம் மாநகராட்சியின் 1913 புகார் எண்ணுக்கும் இது பொருந்தும். யாருக்குப் புகார் செய்ய நேரமும், செய்தால் நடக்கும் என்ற நம்பிக்கையும் இருக்கிறதோ, அவர்கள் தெருதான் கணக்கில் ஏறும். மழைநீர் வடியாத குடிசைப் பகுதி புகாரே செய்யவில்லை என்றால், வரைபடத்தில் அது பிரச்சினை இல்லாத இடமாகத் தெரியும்.

இப்போது சாலைக்குக் கீழே வருவோம். கழிவுநீர்க் குழாயிலும் மலக்குழியிலும் இறங்கி 2020 வரையிலான ஐந்து ஆண்டுகளில் 340 பேர் இறந்ததாக ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. அதே ஆண்டு, 2021 ஜூலையில், கையால் மலம் அள்ளுவதால் ஒருவரும் இறக்கவில்லை என்றும் சொன்னது. எப்படி? 2013ஆம் ஆண்டுச் சட்டம் 'கையால் மலம் அள்ளுதல்' என்பதையும் 'ஆபத்தான முறையில் சாக்கடை சுத்தம் செய்தல்' என்பதையும் தனித்தனியாக வரையறுக்கிறது. செத்தவர்களை இரண்டாவது கட்டத்தில் போட்டுவிட்டால் முதல் கட்டத்தில் பூஜ்யம் வந்துவிடும்.

இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. இப்படி இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. பட்டியலில் பெயர் இல்லையென்றால் அந்தப் பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் அந்தப் பணம் இல்லை.

இறங்குவது யார்? நமஸ்தே திட்டத்தில் 2024 வரை விவரம் திரட்டிய சுமார் 38,000 தொழிலாளர்களில் ஏறத்தாழ 92 விழுக்காட்டினர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினர். பட்டியல் சாதியினர் மட்டுமே சுமார் 69 விழுக்காடு. "நவீன நகரத்தில் சாதி எங்கே இருக்கிறது?" என்று கேட்பவர்களிடம் இந்த எண்ணைக் காட்டுங்கள். சாதி என்ற கட்டத்தை நீக்கிவிட்டால் இது வெறும் 'தொழில் விபத்து' ஆகிவிடும்.

சரி, நாம் என்ன செய்யலாம்? பெரிய மென்பொருள் வேண்டாம். 2020இல் சென்னையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் இருந்த கோவிட் மரணங்கள் பல மாநில அரசின் பட்டியலில் இல்லை. கேள்வி எழுந்தது, குழு அமைத்தார்கள், ஒப்பிட்டார்கள். ஜூலை 22 அன்று விடுபட்ட 444 மரணங்கள் கணக்கில் சேர்ந்தன. இரண்டு பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததுதான் அங்கே நடந்த அறிவியல்.

அதையே சாக்கடை மரணங்களுக்கும் செய்வோம். தகவல் உரிமைச் சட்டத்தில் குடிநீர் வாரியத்திடம் ஒரு பட்டியல், காவல் துறையிடம் வழக்குகளின் பட்டியல், மாநகராட்சியிடம் இழப்பீடு பெற்றவர்களின் கணக்கு கேளுங்கள். நாளிதழ்ச் செய்திகளைத் தேதி வாரியாகத் தொகுங்கள். நான்கையும் ஒப்பிட்டால் விடுபட்டவர்கள் தெரிவார்கள். ஒன்று மட்டும் கவனம்: குடும்பங்களின் சம்மதம் இல்லாமல் பெயரையும் சாதியையும் இணையத்தில் போடாதீர்கள். தரவு அவர்களுக்காகத்தான், அவர்கள் தரவுக்காக இல்லை.

இங்கே ஐடி வேலையில் இருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். எக்செல் தெரிந்தால் போதும். மனுக்களை இன்றைக்கே எழுதத் தொடங்கலாம், தாளும் பேனாவும் இங்கே இருக்கின்றன.