கெண்டைக்காலும் அளவுகோலும்



இன்று நாம் கெண்டைக்கால் சதையைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றால் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். மேடையேறிப் பேச வேறு விஷயம் கிடைக்கவில்லையா என்றும் கேட்கலாம். ஆனால் ஒரு மனிதனுடைய காலில் எவ்வளவு பலம் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதற்குள் கெட்டிக்கார வைத்தியர்களே எத்தனை விதத்தில் ஏமாறக்கூடும் என்பதைக் கேட்டால் சிரிப்பு நின்றுவிடும். நாம் வைத்தியரல்ல, பட்டம் பெற்றவருமல்ல. புத்தகங்களைப் புரட்டியும் தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்துகொண்டதையே சொல்லுகிறோம். சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள்; இல்லையேல் தள்ளிவிடுங்கள்.

முதலாவது, கெண்டைக்கால் என்பது ஒரே சதையல்ல. வெளியே புடைத்துத் தெரிவது காஸ்ட்ரோக்நீமியஸ் என்பது. அது தொடை எலும்பின் அடிப்பாகத்தில் பிடித்துக்கொண்டு, முழங்காலையும் கணுக்காலையும் தாண்டிக் குதிகாலுக்கு வருகிறது. அதற்கு அடியில் தட்டையாக இருப்பது சோலியஸ் என்பது. இது முழங்காலுக்குக் கீழேயே தொடங்குகிறது. இரண்டும் சேர்ந்து ஒரே நாணாகிக் குதிகால் எலும்பைப் பிடித்திருக்கின்றன. முழங்காலை மடக்கினால் மேல்சதை தொய்ந்துவிடுகிறது. தொய்ந்த கயிற்றால் தண்ணீர் இறைக்க முடியுமா? ஆதலால் வேலையில் பெரும்பங்கு அடிச்சதையின்மேல் விழுகிறது. மேல்சதை அடியோடு ஓய்ந்துவிடுகிறது என்று சொல்லிவிட முடியாது. நின்றபடி சிறிது மடக்குவதில் வித்தியாசம் கொஞ்சந்தான். உட்காரவைத்து நன்றாக மடக்கினால்தான் அது தெளிவாகும்.

ஆகவே காலை நீட்டி அளந்தால் ஒரு கணக்கு, மடக்கி அளந்தால் வேறொரு கணக்கு. எப்படி வைத்து அளந்தார் என்பதைச் சொல்லாமல் “பலம் இவ்வளவு” என்று ஒருவர் எழுதிக்கொடுத்தால் அதற்கு என்ன மதிப்பு? பத்துப் படி நெல் என்றால், பட்டணம் படியா ஊர்ப் படியா என்று குடியானவன் கேட்காமல் விடுவானா?

இது வீண் தர்க்கமல்ல. நீல்ஸ் சில்ஃபர்ஷொல்ட் என்று ஸ்வீடன் தேசத்தில் ஒரு எலும்பு வைத்தியர் இருந்தார். 1912-ல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் பந்தயத்தில் தேகப்பயிற்சியில் தங்கப்பதக்கம் பெற்ற கூட்டத்தில் அவரும் ஒருவர். நரம்புக் கோளாற்றால் கால் விறைத்துக் குதிகால் தரையில் படாமல் போன நோயாளிகளைப் பார்த்து, அவர் 1924-ல் ஒரு சோதனையை எழுதி வெளியிட்டார். முழங்காலை நீட்டிப் பாதத்தை மேலே மடக்கிப் பார். பிறகு முழங்காலை மடக்கிக்கொண்டு அதையே செய்து பார். நீட்டியபோது மடங்காத பாதம் மடக்கியபோது மடங்குமானால் குற்றம் மேல்சதையினுடையது. இரண்டு விதத்திலும் மடங்காவிட்டால் தடை வேறிடத்திலும் இருக்கிறது. அவ்வளவுதான் சோதனை, ஒரு காசு செலவில்லை. இதைச் செய்யாமல் குதிகால் நாணையே அறுத்து நீட்டிவிட்டால், குற்றமில்லாத அடிச்சதையும் சேர்ந்து பலமிழக்கும். பிறகு அந்த மனிதன் நடக்கும்போது உந்தித் தள்ளுவதற்கு எதைக்கொண்டு தள்ளுவான்?

இதிலும் ஒரு மோசம் இருக்கிறது. பாதத்தை வெளிப்புறம் சாயவிட்டு அழுத்தினால் நடுப்பாதம் வளைந்துகொடுத்து, கணுக்காலே மடங்கியதுபோல் காட்டும். அழுத்துகிறவர் ஒருநாள் பலமாகவும் மறுநாள் மெதுவாகவும் அழுத்தினால் கோணம் மாறும். மாறியது நோயாளியின் காலா, வைத்தியரின் கையா?

நிற்க, கையால் பார்க்கும் முறை ஒன்றுண்டு. பாஸ்டன் நகரத்து லோவெட் என்ற வைத்தியரிடம், இளம்பிள்ளை வாதம் கண்ட குழந்தைகளைச் சோதிக்க ஏற்பட்ட முறை அது. அவரோடு வேலை செய்த வில்ஹெல்மின் ரைட் என்ற பெண்மணி 1912-ல் அதை எழுதி வெளியிட்டார். இன்று அந்த முறையில் 0 முதல் 5 வரை மதிப்புப் போடுகிறார்கள். மற்றச் சதைகளுக்கு அது உபயோகமானதே. கெண்டைக்காலுக்கோ, சரீரம் முழுவதையும் ஒற்றைக்காலில் தூக்கும் சதையை வைத்தியர் தம் ஒரு கையால் தடுத்துப் பார்க்கிறார். பாதிப் பலம் போன காலும் அந்தக் கையை ஜெயித்துவிடும். “கைராசிக்காரர் பார்த்துச் சரியென்று சொல்லிவிட்டார்” என்று நோயாளி வீடு திரும்புவான். மாடிப்படி ஏறும்போதுதான் சங்கதி தெரியும். சுருள்வில் வைத்த கருவியைக் கையில் பிடித்து அளந்தாலும் இதே கதைதான்: பிடிக்கிறவர் பலம் எங்கே தீருகிறதோ அங்கே எண் நின்றுபோகும். அதைச் சுவரிலோ பெஞ்சிலோ வாரால் இறுக்கிக் கட்டினால்தான் அளக்கப்படுவது நோயாளியின் காலாகும்.

இதனால்தான் ஒற்றைக்காலில் நின்று குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கும் சோதனை வந்தது. அதற்கும் நிபந்தனைகள் உண்டு. விரல் நுனி மட்டும் சுவரைத் தொடலாம், சாயக்கூடாது. முழங்கால் நீட்டியே இருக்க வேண்டும். எவ்வளவு உயரம் என்பதற்கு ஒரு கயிறு, எவ்வளவு வேகம் என்பதற்கு ஒரு தாளம். 1995-ல் அமெரிக்காவில் லன்ஸ்ஃபோர்டு, பெர்ரி என்ற இருவர் சுகமாயுள்ள 203 பேரை இவ்வாறு பரீட்சித்தார்கள். சராசரி ஏறக்குறைய 28 தடவை. 25 தடவை தூக்கினால் முழுப்பலம் என்று வைக்கலாமென எழுதினார்கள். ஆனால் அந்த 203 பேரில் 6 தடவையோடு நின்றவரும் உண்டு, 70 தடவை தூக்கியவரும் உண்டு! அப்படியிருக்க 25 என்பதை வேதவாக்காக்கி, 24 தூக்கியவனை நோயாளி என்பது என்ன நியாயம்? அவனுடைய மற்றொரு காலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

இரண்டு பேர் அளந்தது ஒத்திருக்கிறதா என்பதிலும் கண்கட்டு வித்தை நடக்கும். ஒருவர் மூன்று பேரை அளந்து 20, 30, 40 கிலோ என்கிறார். மற்றவர் அதே மூவருக்கு 30, 40, 50 என்கிறார். ஒன்று ஏற மற்றதும் ஏறுகிறது, ஆகையால் முழுப் பொருத்தம் என்று கணக்கு காட்டலாம். உண்மையிலோ ஒவ்வொரு காலுக்கும் 10 கிலோ தகராறு. இந்தப் பித்தலாட்டத்தை பிளாண்ட், ஆல்ட்மன் என்ற இரு புள்ளிவிவர நிபுணர்கள் 1986-ல் லான்செட் பத்திரிகையில் எடுத்துக்காட்டி, வித்தியாசத்தையே நேராகப் பாருங்கள் என்றார்கள்.

நாண் அறுந்து ஆறிவரும் ஒரு மூட்டைக்காரன் போன மாதம் 15 தடவை தூக்கினான், இந்த மாதம் 18. “முன்னேற்றம், வேலைக்குப் போ” என்று சொல்லலாமா? எந்த மாற்றமும் இல்லாத காலிலேயே அளவு நாளுக்கு நாள் நாலைந்து தடவை கூடிக் குறையுமானால் அந்த 3 என்பது ஒன்றுமில்லை. அதை நம்பி முதுகில் மூட்டை ஏற்றுகிறவன் அவனே தவிர எண்ணைச் சொன்னவரல்ல. நீட்டியா மடக்கியா, அளந்தவர் யார், போனமுறையும் அவரேதானா, சும்மா இருந்தாலே எவ்வளவு மாறும் என்று கேட்க அவனுக்குப் பாத்தியதை உண்டு.

வீட்டுக்குப் போய்ச் சுவரோரம் நின்று பார்க்க நினைக்கும் தோழர்கள் இரண்டு காலையும் பாருங்கள். முழங்கால் மடங்கிவிட்டால் அந்தத் தடவையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். குதிகால் நாணில் வலியுள்ளவர்கள் இந்தச் சோதனையில் இறங்க வேண்டாம்.